மெருகேறிய பாட்டு

எங்கள் தோட்டத்தில் பெரிய கிராணியார் வீட்டில் மட்டுமே இசைத்தட்டுப் பெட்டி இருந்தது. மாலையில் விளக்கேற்றும் நேரத்தில் அவ்வீட்டுச் சன்னல் வழியே ஓர் ஆங்கிலக் குரல் மிதந்து வரும். 1970களின் நடுப்பகுதி அது. நான் தொடக்கப்பள்ளி மாணவன். பாட்டின் பொருள் எனக்குத் துளியும் விளங்கியதில்லை. ஆயினும் அந்தக் குரல் என்னை வேலியோரத்தில் நிறுத்தி வைத்தது. அது உரத்து எழாது, விம்மி அழாது, சாய்வு நாற்காலியில் அமர்ந்து பக்கத்திலிருப்பவரிடம் மெல்லப் பேசும் பெரியவர் ஒருவரின் குரலைப்போலத் தாழ்ந்து ஒலிக்கும். லயத்து வீடுகளில் அதட்டும் குரல்களையே கேட்டுப் பழகிய எனக்கு, ஆண் குரல் இவ்வளவு மென்மையாகவும் இருக்கக்கூடும் என்பது புதுமையாக இருந்தது.

அக்குரலுக்கு உரியவர் ஜிம் ரீவ்ஸ் என்பதையும், 1964ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் தாமே ஓட்டிச் சென்ற சிறு விமானம் விழுந்து அவர் மாண்டார் என்பதையும் பின்னாளில்தான் அறிந்தேன். நான் பிறப்பதற்கு முன்னரே மறைந்துவிட்ட ஒருவருக்காகத்தான் வேலியோரத்தில் காத்து நின்றிருக்கிறேன்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவரை மீண்டும் சந்தித்தேன். எங்கள் ஆங்கில விரிவுரையாளர் உச்சரிப்புப் பாடத்திற்கு அவருடைய ஒலிநாடாவைக் கொண்டு வருவார். “ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்து அடுக்கி வைக்கிறார், கவனியுங்கள்” என்பார். அமெரிக்கத் தென்மாநிலங்களின் மலைச்சிற்றூர்களிலும் பருத்திக் காடுகளிலும் இருப்புப்பாதை ஓரங்களிலும் வாழ்ந்த ஏழை மக்களிடையே தோன்றியது இந்தக் ‘கன்ட்ரி’ இசை என்றும் அவர்தான் சொன்னார். நாட்டுப்புற இசை என்று நாம் பெயர்க்கலாம். ஆனால் அது தொடக்கமுதலே இசைத்தட்டு வணிகத்தோடு சேர்ந்து வளர்ந்ததாகையால், ‘கன்ட்ரி’ என்றே இங்குக் குறிக்கிறேன். எவ்வாறாயினும், ஜிம் ரீவ்ஸின் பாட்டே அம்மக்களின் அசல் பாட்டு என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கை குலைந்தது நூல்களின் வழியாக. கன்ட்ரி இசையின் வரலாற்றை நான் படிக்கத் தொடங்கியபோது, அசல் இசை கெட்டுப்போனதற்குச் சான்றாகப் பலர் சுட்டியது எதை என்றால், நான் வேலியோரத்தில் நின்று கேட்ட அதே பாட்டுகளைத்தான்!

நடந்தது இதுதான். டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரம் இவ்விசையின் தலைநகர். 1950களின் நடுவில் எல்விஸ் பிரெஸ்லி போன்றோரின் ராக் இசை இளைஞர்களை இழுத்துக்கொண்டது. கன்ட்ரி இசைத்தட்டுகளின் விற்பனை தளர்ந்தது. செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி ஆகிய தயாரிப்பாளர்கள் புதுவழி கண்டனர். பிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் ஒதுக்கினர். வயலின் குழுவையும் பின்னணிக் குரல் குழுவையும் கொண்டு வந்து நிறுத்தினர். பிடிலும் வயலினும் ஒரே கருவிதானே என்று கேட்கலாம். கருவி ஒன்றுதான், வாசிக்கும் கை வேறு. மலைநாட்டாரின் மூக்கொலியும் கரடுமுரடான உச்சரிப்பும் தேய்த்து வழவழப்பாக்கப்பட்டன. இதற்கு ‘நாஷ்வில் ஒலி’ என்று பெயர் வைத்தார்கள். நாஷ்வில் ஒலி என்றால் என்ன என்று அட்கின்ஸிடம் ஒருமுறை கேட்டபோது, அவர் சட்டைப் பையில் கைவிட்டுச் சில்லறைக் காசுகளைக் குலுக்கிக் காட்டினார் என்று இன்றும் சொல்வார்கள். ஒளிவு மறைவற்ற மனிதர்!

ஜிம் ரீவ்ஸும் தொடக்கத்தில் உரத்த குரலில் துள்ளலான பாட்டுகளைப் பாடியவர்தாம். 1953இல் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அத்தகைய பாட்டே. 1957இல் வெளிவந்த ‘ஃபோர் வால்ஸ்’ என்ற பாட்டில்தான் ஒலிவாங்கியை உதட்டருகே கொண்டு வந்து குரலைத் தாழ்த்தினார். கிராணியார் வீட்டுச் சன்னல் வழியே வந்த அந்த மென்மை இயற்கை மட்டுமே தந்ததன்று. பாடகரும் ஒலிப்பதிவுக் கூடமும் எண்ணிப் பார்த்து ஆக்கிக்கொண்டது.

இதைப் படித்தபோது, என்னுடைய செயல் ஒன்று நினைவுக்கு வந்து உறுத்தியது.

1996ஆம் ஆண்டு. நான் தோட்டப் பள்ளி ஒன்றில் இளம் ஆசிரியன். பள்ளி இலக்கிய விழாவுக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, தன் பாட்டியிடம் கேட்ட பாட்டு என்று ஒன்றைப் பாடிக் காட்டினாள். விடியுமுன் எழுந்து பால்வெட்டுக்குப் போகும் பெண்ணின் பாட்டு. மெட்டு என்னைக் கவர்ந்தது. சொற்களோ என் செவியில் கல்லாய் இடறின. ‘வெள்ளன’ என்று இருந்தது; ‘வைகறை’ என்று திருத்தினேன். ‘பெரட்டு’ என்று இருந்தது; ‘அணிவகுப்பு’ என்று எழுதினேன். ‘மங்கு’ என்று இருந்த இடத்தில் ‘கிண்ணம்’ வைத்தேன். தூய தமிழில் பற்று மிக்கவனாக அக்கல்லூரியிலிருந்து வெளிவந்தவன் நான். ஒரு பாட்டைச் சேற்றிலிருந்து தூக்கிக் கழுவிவிட்டதாகவே எண்ணினேன். பக்கவாத்தியமாக ஆர்மோனியம் சேர்த்தேன். இழுத்து இழுத்துப் பாடிய இடங்களைத் தாளத்திற்குள் அடக்கினேன். சிறுமி கெட்டிக்காரி, மூன்றே நாளில் பாடம் செய்துவிட்டாள். விழாவில் முதற்பரிசும் பெற்றாள்.

விழா முடிந்ததும் பாட்டி என்னிடம் வந்து கைகூப்பினார். “நல்லாத்தான் பாடுச்சுங்க ஐயா. இது எந்தப் படத்துப் பாட்டுங்க?” என்று கேட்டார்.

அன்று அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

நாஷ்வில் ஒலியைப் பற்றிப் படித்த பிறகுதான் அக்கேள்வியின் பொருள் எனக்கு உறைத்தது. அப்படியானால் மெருகு ஏறுவதற்கு முன் அந்த இசை எப்படி இருந்தது, அதன் அசல் எங்கே இருந்தது என்று தேடத் தலைப்பட்டேன். தேடல் என்னை 1927ஆம் ஆண்டிற்குக் கொண்டு சென்றது.

அவ்வாண்டு ஜூலை இறுதியில் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்திற்காக ரால்ஃப் பியர் என்பவர் பிரிஸ்டல் என்னும் ஊருக்கு வந்தார். டென்னசி, வர்ஜீனியா ஆகிய இரு மாநிலங்களின் எல்லைக்கோடு அவ்வூரின் முதன்மைத் தெரு வழியாகவே செல்கிறது. தொப்பி வணிகம் நடந்த பழைய கட்டடம் ஒன்றில் ஒலிப்பதிவுக் கருவிகளை நிறுவி, சுற்றுவட்டார மக்களைப் பாட அழைத்தார். மலையிலிருந்து இறங்கி வந்தவர்களுள் கார்ட்டர் குடும்பத்தார் மூவர். ஏ. பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, உறவுப்பெண் மேபெல். மேபெலுக்கு அப்போது வயது 18; நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. சில நாள்களில் ஜிம்மி ராட்ஜர்ஸும் பாடினார். அவர் மிசிசிப்பி மாநிலத்து இருப்புப்பாதைத் தொழிலாளி, காசநோயாளி. இவ்விரு சாராரிடமிருந்துதான் கன்ட்ரி இசை தன் வமிசாவளியைத் தொடங்குகிறது. இத்தனைக்கும் ராட்ஜர்ஸ் ஆறே ஆண்டுகளில், 1933இல், அந்நோயினாலேயே இறந்துவிட்டார்.

இங்கேதான் தூய ஊற்று கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். கிடைத்ததோ வேறு. ஏ. பி. கார்ட்டர் பாட்டுகளைத் தேடி மலையூர்களில் அலைந்தபோது, லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார்க் கலைஞரும் உடன் சென்றார். கார்ட்டர் சொற்களைக் குறித்துக்கொள்ள, ரிடில் மெட்டை மனத்தில் ஏற்றிக்கொள்வார். ராட்ஜர்ஸ் பாட்டின் இடையே தொண்டையை மாற்றி மாற்றி ஒலிக்கும் ‘யோடல்’ ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைக்காரர்களுடையது. அவர் பாடிய ‘புளூஸ்’ கறுப்பின மக்களுடையது. 1930இல் அவர் பதிவு செய்த பாட்டு ஒன்றில் எக்காளம் வாசித்தவர் ஜாஸ் இசை மேதை லூயி ஆம்ஸ்ட்ராங். பாஞ்சோவோ மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் நினைவில் வந்த கருவி. கன்ட்ரி இசையின் அழுகுரல் என்று போற்றப்படும் ஸ்டீல் கிட்டார் ஹவாயித் தீவுகளிலிருந்து வந்தது. பின்னாளில் இவ்விசையின் பெருங்கவியாகப் போற்றப்பட்ட ஹேங்க் வில்லியம்ஸ், அலபாமாவில் சிறுவனாக இருந்தபோது ரூஃபஸ் பெயின் என்னும் கறுப்பினத் தெருப்பாடகரிடம் பயின்றவர். அசல் என்று நான் தேடிப்போனது நான்கு கண்டங்களின் கலவையாக இருந்தது.

பேசித் தீராத பகுதி இன்னொன்றும் உண்டு. கலவையாகப் பிறந்த இசையை வணிகர்கள் இரண்டாகப் பிரித்து விற்றார்கள். வெள்ளையர் பாடினால் மலைநாட்டு இசை. கறுப்பர் பாடினால் ‘இன’ இசைத்தட்டு. நாஷ்வில் வானொலியில் 1925இல் தொடங்கிப் பின்னர் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ எனப் பெயர் பெற்ற நிகழ்ச்சியின் முதல் நட்சத்திரங்களுள் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி. ஓடும் புகைவண்டியின் ஒலியை மவுத் ஆர்கனில் எழுப்பியவர். அவர் கறுப்பர். 1941இல் அவரை நீக்கிவிட்டார்கள். அதன்பின் நாஷ்வில் நகரிலேயே காலணிகளுக்கு மெருகேற்றிப் பிழைத்தார். 1982இல் இறந்தார். கன்ட்ரி இசைப் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்க்க 2005 வரை காத்திருந்தார்கள். ‘பழைமைக்குத் திரும்புவோம்’ என்று பிற்காலத்தில் முழங்கியவர்களுள் பலர் இந்தப் பழைமைக்குத் திரும்பவில்லை.

அதே வானொலி நிகழ்ச்சியைப் பற்றி இன்னொரு செய்தி என்னை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தது. அதன் தொடக்கக் காலக் கலைஞர்களுள் ஹம்ஃப்ரி பேட் என்பவர் பட்டம் பெற்ற மருத்துவர். நிகழ்ச்சியை நடத்திய ஜார்ஜ் ஹே, அவருடைய குழுவுக்கு வேட்டைக்காரர் பெயர் சூட்டினார். முன்பு கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து படம் எடுத்துக்கொண்டவர்கள், பிறகு உழவர் உடையில் காட்சி தந்தார்கள். நாட்டுப்புறத் தோற்றமே வேடமாகத் தைத்துக் கொடுக்கப்பட்டது! ரிச்சர்ட் பீட்டர்சன் என்ற சமூகவியல் பேராசிரியர் 1997இல் ஒரு நூலே எழுதினார். இவ்விசையின் அசல்தன்மை கண்டெடுக்கப்பட்டதன்று, காலந்தோறும் உருவாக்கப்பட்டது என்பது அதன் சாரம். நூலை மூடி வைத்தபோது, பிறகு ‘அசல்’ என்ற சொல்லுக்குத்தான் என்ன பொருள் என்ற திகைப்பு எனக்கு. ஆயினும் பேராசிரியரோடு முழுவதும் உடன்பட மனம் ஒப்பவில்லை. உடை வேடமாக இருக்கலாம். சாராவின் குரல் வேடமன்று. அந்தப் பழைய பதிவுகளைக் கேட்கும் எவரும் அதை உணர்வர். அக்குரலில் அழகுபடுத்தும் முயற்சியே இல்லை. துணி துவைத்துக்கொண்டே பாடுவதுபோல் பாடுகிறார்.

இனி, திரும்பிச் செல்லும் கதைக்கு வருகிறேன். கன்ட்ரி இசை ஏறத்தாழப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நகரத்தாரைக் கவர ஓடுகிறது. பிறகு மூச்சுவாங்கி வீடு திரும்புகிறது.

1970களில் அது ஓடிய ஓட்டத்தில் பழைய பாடகர்கள் கலங்கிப்போனார்கள். 1974இல் ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஒலிவியா நியூட்டன்-ஜான் சிறந்த கன்ட்ரி பாடகி விருதைப் பெற்றார். மறு ஆண்டு, ஆண்டின் சிறந்த கலைஞரின் பெயரை அறிவிக்க மேடையேறிய சார்லி ரிச், உறையைப் பிரித்து ஜான் டென்வர் பெயர் இருக்கக் கண்டதும், நெருப்பு மூட்டியை எடுத்து அந்தச் சீட்டைக் கொளுத்திவிட்டார். அசலைக் காக்கும் வேள்வி என்று அதைக் கொண்டாடியோர் உண்டு. சார்லி ரிச்சின் புகழ்பெற்ற பாட்டுகளும் வயலின் குழுவில் தோய்ந்தவையே என்பதை அவர்கள் மறந்தார்கள். டென்வரின் ‘கன்ட்ரி ரோட்ஸ்’ பாட்டை நம் சாரணர் முகாம்களில் தீ மூட்டி அமர்ந்து பாடாதார் யார்? மேற்கு வர்ஜீனியாவைப் பற்றிய அப்பாட்டின் கரு தோன்றியது மேரிலாந்து மாநிலத்துச் சாலை ஒன்றில். அதனால் அது பொய்ப்பாட்டு என்று தள்ளிவிட முடிந்ததா? 2014இல் மேற்கு வர்ஜீனியா அதனைத் தன் மாநிலப் பாடல்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அந்த மண்ணின் மக்களே ஏற்ற பிறகு, சீட்டைக் கொளுத்துவதற்கு நமக்கு என்ன உரிமை?

வில்லி நெல்சனின் கதை இதைவிடச் சுவையானது. பேட்சி கிளைன் 1961இல் பாடிய ‘கிரேசி’, நாஷ்வில் ஒலியின் உச்சம் எனலாம். அதை எழுதியவர் நெல்சன். அவர் தாமே பாடியபோது மட்டும் நாஷ்வில் அவரை ஏற்கவில்லை. மூக்கால் பாடுகிறார், தாளத்திற்கு முன்னும் பின்னும் போகிறார் என்றார்கள். அவர் டெக்சாஸுக்குத் திரும்பினார். முடியை வளர்த்துக்கொண்டார். 1975இல் டெக்சாஸிலேயே, மிகக் குறைந்த செலவில், சில கருவிகளோடு ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’ என்ற இசைத்தொகுப்பைப் பதிவு செய்து நிறுவனத்திடம் கொடுத்தார். இது முன்மாதிரிப் பதிவுதானே, முழுமையானது எங்கே என்று அதிகாரிகள் கேட்டனர். எதையும் சேர்க்க அவர் இசையவில்லை. ஒப்பந்தம் அவர் பக்கம் இருந்தது. அத்தொகுப்பிலிருந்து முதலிடத்தை எட்டிய பாட்டு, 1940களில் ஃபிரெட் ரோஸ் எழுதிய பழம்பாட்டு. பாடகராக நெல்சன் பெற்ற முதல் முதலிடம் அதுவே. மறு ஆண்டே அவரையும் வேலன் ஜென்னிங்ஸையும் இன்னும் இருவரையும் ஒரே உறைக்குள் போட்டு, ‘சட்டத்திற்குப் புறம்பானவர்கள்’ என்று தலைப்பிட்டு விற்றார்கள். பத்து இலட்சம் படிகள் விற்றதாகச் சான்று பெற்ற முதல் கன்ட்ரி தொகுப்பு அது. அட்கின்ஸின் பையில் காசு குலுங்கத்தான் செய்தது!

1980இல் ‘அர்பன் கவ்பாய்’ திரைப்படம் வந்தது. டெக்சாஸ் மதுக்கூடம் ஒன்றில் இயந்திரக் காளைமேல் ஏறிச் சவாரி செய்யும் கூட்டம். நாடெங்கும் தொப்பியும் நீண்ட காலணியும் நாகரிகமாயின. நாகரிகம் கலைந்ததும் விற்பனையும் கலைந்தது. இந்த இடைவெளியில்தான் ரேண்டி டிராவிஸ் வந்தார். என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் இவரே.

வட கரோலினாவின் சிற்றூரில் 1959இல் பிறந்தவர். இளமையில் சட்டத்தோடு மோதி அல்லலுற்றவர். நாஷ்வில் வந்து இரவு விடுதி ஒன்றின் சமையற்கட்டில் வேலை செய்தார், பாத்திரம் கழுவினார், இடையிடையே கைதுடைத்துவிட்டு மேடையேறிப் பாடினார். நிறுவனங்கள் அவரைத் திருப்பி அனுப்பின. காரணம் வேடிக்கையானது: மிகவும் ‘கன்ட்ரி’யாக இருக்கிறாராம்! 1985இல் வெளிவந்த ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ என்ற அவர் பாட்டு 67ஆம் இடத்தோடு நின்றுபோனது. அடுத்த பாட்டு மேலேறியதும், நிறுவனம் துணிந்து 1986இல் அதே பழைய பாட்டை மீண்டும் வெளியிட்டது. இம்முறை முதலிடம். பாட்டில் ஒரு சுரமும் மாறவில்லை. கேட்பவரின் செவிதான் ஓராண்டில் மாறியிருந்தது. அவ்வாண்டு வந்த ‘ஸ்டார்ம்ஸ் ஆஃப் லைஃப்’ தொகுப்பு முப்பது இலட்சத்திற்கு மேல் விற்றது. பிடிலும் ஸ்டீல் கிட்டாரும் முற்றத்திற்குத் திரும்பி வந்தன.

அந்தத் தொகுப்பைக் கேட்டபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. டிராவிஸின் குரலும் ரீவ்ஸின் குரல்போல அடித்தளத்தில் தாழ்ந்து ஒலிப்பதே. அவர் மென்மையைக் கைவிடவில்லை. ஊர் உச்சரிப்பைமட்டும் கைவிட மறுத்தார். சொற்களின் ஓரத்தில் வட கரோலினா அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும்.

1990களில் கார்த் புரூக்ஸ் விளையாட்டரங்குகளை நிரப்பியதையும், பிறகு ஷனாயா ட்வெயின் உலகெங்கும் விற்றதையும் விரிக்கப் போவதில்லை. அது மீண்டும் ஓடிய ஓட்டம். 1999ஆம் ஆண்டு விருது விழாவைமட்டும் சொல்லியாக வேண்டும். ஜார்ஜ் ஜோன்ஸ் என்ற முதுபெரும் பாடகர் அப்போதுதான் வாகன விபத்தில் பிழைத்து எழுந்திருந்தார். தம் வாழ்வின் தவறுகளை எண்ணிப் பாடிய ‘சாய்சஸ்’ என்ற பாட்டுக்காக முன்மொழியப்பட்டிருந்தார். விழாக்காரர்கள் பாட்டைச் சுருக்கிப் பாடச் சொன்னார்கள். அவர் மறுத்து வீட்டிலேயே இருந்துவிட்டார். அன்று மேடையில் தம் பாட்டைப் பாடிக்கொண்டிருந்த ஆலன் ஜாக்சன், பாதியில் நிறுத்தி, ஜோன்ஸின் பாட்டைப் பாடத் தொடங்கினார். பாடி முடித்ததும் ஒன்றும் பேசாமல் மேடையை விட்டு இறங்கிப் போனார்.

அடுத்த ஆண்டு இறுதியில் ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்?’ என்ற திரைப்படத்தின் பாட்டுத் தொகுப்பு வந்தது. பெரும்பாலும் பழம்பாட்டுகள். கன்ட்ரி வானொலிகள் பெரும்பாலும் அதைப் புறக்கணித்தன. 2002இல் அது ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. அதில் ரால்ஃப் ஸ்டான்லி எந்தக் கருவியும் இல்லாமல், மரணத்தை நோக்கிப் பாடுகிறார். விருது பெற்றபோது அவருக்கு 75 வயது நிறைந்திருந்தது. நம் ஊர்ச் சாவு வீடுகளில் ஒப்பாரி கேட்டு வளர்ந்த எவரையும் அக்குரல் நடுங்க வைக்கும்.

அதற்குப் பின்னும் ஓட்டமும் மீட்சியும் ஓயவில்லை. 2015இல் கென்டகியின் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை கிறிஸ் ஸ்டேப்பில்டன், பல ஆண்டு பிறருக்குப் பாட்டெழுதியவர், ஒரே இரவில் விருதுகளை அள்ளினார். ரியானன் கிடன்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணியும் அவர் தோழர்களும் முதியவர் ஜோ தாம்சனிடம் பிடில் பாடம் கேட்டு, பாஞ்சோவை அதன் பழைய உறவினரிடம் சேர்ப்பித்தார்கள்; 2011இல் கிராமி பெற்றார்கள். டிரேசி சாப்மன் 1988இல் பாடிய ‘ஃபாஸ்ட் கார்’ பாட்டை லூக் கோம்ஸ் என்ற வெள்ளையினப் பாடகர் ஒரு சொல்லையும் மாற்றாமல் பாடினார். அதனால் 2023இல் கன்ட்ரி சங்கத்தின் சிறந்த பாட்டு விருது சாப்மனுக்குக் கிடைத்தது. கறுப்பினக் கவிஞர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. அப்பாட்டில் ஒரு பெண் தன்னைப் பற்றிச் சொல்லும் அடியைக்கூட அவர் ஆணுக்கேற்பத் திருத்தவில்லை என்பது, என் போன்ற திருத்தும் கைகளுக்குச் சற்றே கூச்சம் தருவது.

டிராவிஸுக்கு 2013இல் பக்கவாதம் வந்தது. பேச்சு ஏறக்குறைய அற்றுப்போனது. 2024 மே மாதம் அவர் குரலில் புதிய பாட்டு ஒன்று வெளிவந்தது. வேறொரு பாடகரைப் பாடவைத்து, டிராவிஸின் பழைய பதிவுகளைக் கொண்டு செயற்கை நுண்ணறிவால் அவர் குரலாக மாற்றியிருந்தார்கள். அவர் இசைவோடு, அவருடைய பழைய தயாரிப்பாளரே செய்தது. நான் அதை இரண்டுமுறை கேட்டேன். அந்த வட கரோலினா உச்சரிப்பும் இருந்தது. இதை அசல் என்பதா, அன்று என்பதா என்று எனக்கு முடிவு கட்டத் தெரியவில்லை. பேச்சிழந்த மனிதர் தம் குரலைக் கேட்டு மகிழ்ந்தார் என்பதை எண்ணும்போது, மறுத்துரைக்க நா எழவில்லை.

என் பழைய கோப்பைச் சென்ற ஆண்டு எடுத்துப் பார்த்தேன். அழகிய கையெழுத்தில் என் திருத்தப்படிமட்டும் இருந்தது. சிறுமி சொல்லச் சொல்ல எழுதிய முதற்படியைக் காணவில்லை, கிழித்துப் போட்டிருப்பேன். ‘மங்கு’ மலாய்ச் சொல். ‘பெரட்டு’ ஆங்கிலத்தில் படைக்குரிய சொல். வெள்ளைக்காரத் துரையும் மலாய் மண்ணும் தமிழ்ப் பெண்ணும் ஒரே விடியலில் சந்தித்த இடம் அப்பாட்டு. பாஞ்சோவும் ஸ்டீல் கிட்டாரும் சேர்ந்த இடத்தைப்போல. நான் அயற்சொல் என்று களைந்தவைதாம் அந்தப் பெண்ணின் சொந்தச் சொற்கள். கார்ட்டரும் பாட்டுகளைத் திருத்தியவர்தாமே என்று என்னை நானே தேற்றிப் பார்த்தேன். அவர் அந்த மலையில் வாழ்ந்து திருத்தினார். நான் சிவப்பு மையால் திருத்தினேன்.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. பாட்டியும் மறைந்துவிட்டார். பலரிடம் விசாரித்து, அந்த மாணவியின் தொலைபேசி எண்ணைப் பெற்றேன். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். என் குரலை உடனே அறிந்துகொண்டாள். பாட்டைப் பற்றிக் கேட்டதும் மகிழ்ச்சியோடு பாடியே காட்டினாள். வைகறை, அணிவகுப்பு, கிண்ணம். ஓர் எழுத்துப் பிசகாமல் அப்படியே.

“பாட்டி பாடியது எப்படியம்மா இருக்கும்?” என்று கேட்டேன்.

சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, “எனக்கு நீங்க சொல்லிக் கொடுத்ததுதான் சார் ஞாபகம் இருக்கு” என்றாள். ஆனாலும் தொலைபேசியை வைத்துவிடவில்லை. மெல்ல மெட்டைமட்டும் முணுமுணுத்தாள். நான் தாளத்திற்குள் அடக்கிய ஓரிடத்தில் குரல் தானாகவே இழுத்துக்கொண்டு போயிற்று. அங்கே நின்றாள், மறுபடியும் முதலிலிருந்து முணுமுணுத்தாள், மறுபடியும் அதே இடத்தில் நின்றாள்.